பங்காளி இல்லாத பாகப்பிரிவினை

(அமெரிக்க விமானிகளும் சங்கப் பிரதிநிதித்துவமும் குறித்து நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



1997 பிப்ரவரி 15. நள்ளிரவு கடந்ததும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சில நிமிடங்களுக்குள் அதிபர் பில் கிளிண்டன் அவசரகால வாரியம் ஒன்றை அமைத்து அவர்களை வேலைக்குத் திருப்பி அனுப்பினார். வேலைநிறுத்த வரலாற்றில் இத்தனை குறுகிய ஆயுள் கொண்டவை சிலவே இருக்கும். சம்பளத் தகராறு இருந்தது, ஆனால் முடிச்சு வேறிடத்தில் விழுந்திருந்தது. வாங்கவிருக்கும் சிறு ஜெட் விமானங்களை யார் ஓட்டுவது? “எங்கள் பட்டியலில் உள்ளவர்களே” என்றார்கள் அமெரிக்கன் விமானிகள். ஒரே தாய்நிறுவனத்தின்கீழ் இருந்த அமெரிக்கன் ஈகிள் விமானிகளிடம் கொடுக்க நினைத்தது நிர்வாகம். அவர்களுக்குச் சம்பளம் குறைவு.

அந்த ஈகிள் விமானிகள் வேறொரு சங்கத்தில் இருந்தார்கள். யாருடைய வேலையைப் பற்றி அந்த இரவில் பேசப்பட்டதோ, அவர்களுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை.

டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் போன்ற பெரிய நிறுவனங்களை அங்கே மெயின்லைன் என்பார்கள். அவற்றின் வண்ணத்தைப் பூசிக்கொண்டு, அவற்றின் டிக்கெட்டில், சிறு ஊர்களுக்குப் பறக்கும் ஒப்பந்த நிறுவனங்களும் துணை நிறுவனங்களும் ரீஜனல். பயணிக்கு இரண்டும் ஒன்றே. விமானிக்கு அவை இரு வேறு வாழ்க்கை. இவ்விரு தரப்பின் பகையைப் பெரியவர்களின் பேராசை, சிறியவர்களின் பொறாமை என்று சொல்லி முடிப்பது எளிது. இந்தச் சொற்பொழிவு முன்வைக்கும் கருத்து வேறு: இரு தரப்புக்கும் நடுவே உள்ள கோடு ஒரு தரப்பின் ஒப்பந்தத்தில் மட்டும் வரையப்படுகிறது, பங்காளியை அழைக்காமல் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம் அது. பகையின் வேர் அங்கே இருக்கிறது. இதைச் சில கூறுகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. பிரதிநிதியைச் சட்டம் எப்படித் தருகிறது

அமெரிக்காவில் ரயில்வே தொழிலாளர் சட்டம் 1926இல் வந்தது. 1936இல் அது விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்டது. நம் தொழிற்சங்கச் சட்டமும் அதே 1926இல் பிறந்தது. பக்கிங்காம் கர்நாடிக் ஆலை நிர்வாகம் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் பி. பி. வாடியா முதலானோர் மீது தொடுத்த வழக்கு அதற்கான கோரிக்கையைக் கிளப்பியது என்பது இந்த அவை அறிந்ததே. ஆண்டு ஒன்றாயினும் இரு சட்டங்களின் போக்கு வேறு. நம் மூலச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிய முடிந்தது. ஒரே ஆலையில் நான்கு கொடி பறக்கலாம். அங்கே அப்படி இல்லை. ஒரு நிறுவனத்தில் ஒரு தொழில் வகுப்பினரின் பெரும்பான்மை எந்தச் சங்கத்தைத் தேர்கிறதோ அது ஒன்றே அவர்கள் அனைவருக்கும் பிரதிநிதி. எதிர்த்து வாக்களித்தவருக்கும் அதுவே.

இந்த ஏகபோக அதிகாரத்துக்கு ஒரு கடமையும் ஒட்டிக்கொண்டு வந்தது. அலபாமாவில் ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போட்ட பெஸ்டர் ஸ்டீல் என்ற கறுப்பினத் தொழிலாளி தொடுத்த வழக்கு அதன் பிறப்பிடம். வெள்ளையரை மட்டும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட சங்கம், சட்டப்படி அவருக்கும் பிரதிநிதியாக இருந்துகொண்டே அவர் வேலையைப் பறிக்கும் ஒப்பந்தத்தைப் பேசி முடித்தது. 1944இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிரதிநிதி என்ற அதிகாரத்தைப் பெற்ற சங்கம் அனைவரையும் நேர்மையாகப் பிரதிநிதித்துவம் செய்ய வேண்டும் என்றது. பின்னாளில் ரீஜனல் விமானிகள் நீதிமன்றப் படியேறியபோது கையில் பிடித்திருந்தது இந்தக் கொள்கையைத்தான்.

ஆனால் சட்டத்தின் அளவுகோல் நிறுவனம். டெல்டா ஒரு நிறுவனம். டெல்டாவுக்கே முழுச் சொந்தமாக இருந்த காம்ஏர் இன்னொரு நிறுவனம். இரண்டிலும் ஒரே சங்கம் வென்றிருந்தாலும் பேரம் பேசும் குழுக்கள் வேறு, ஒப்பந்தங்கள் வேறு, வாக்கெடுப்பும் வேறு.

2. அந்தச் சங்கம்

ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக அல்பா, 1931இல் டேவிட் பென்கே தலைமையில் சிகாகோவை மையமாக வைத்துத் தோன்றியது. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 70,000க்கும் மேற்பட்ட விமானிகள் அதில் இருக்கிறார்கள். டெல்டா, யுனைடெட் விமானிகளும் அதில்தான். பல ரீஜனல் நிறுவனங்களின் விமானிகளும் அதில்தான். அமெரிக்கன் விமானிகள் மட்டும் 1963இல் பிரிந்துபோய் அலைடு பைலட்ஸ் அசோசியேஷன் என்ற தனிச் சங்கம் கண்டார்கள். ரிபப்ளிக் என்ற ரீஜனலின் விமானிகள் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் இருக்கிறார்கள். ரீஜனல்களில் மிகப் பெரிதான ஸ்கைவெஸ்டின் விமானிகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட சங்கமே இல்லை. நிறுவனத்துக்குள்ளேயே இயங்கும் ஓர் அமைப்பு மட்டும் உண்டு.

சந்தா சம்பளத்தின் விகிதத்தில் வசூலாகிறது. சம்பளம் அதிகமுள்ள மெயின்லைன் விமானிகளின் பணமே சங்கத்தின் பெருந்தூண். வாக்கு வலிமை உறுப்பினர் எண்ணிக்கையைப் பின்பற்றுகிறது. யாருடைய சொல் அங்கே எடுபடும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. இதைச் சதி என்று சொல்ல வேண்டியதில்லை, கணக்கு அப்படி.

3. பணிமூப்பு எண்

விமானியின் வாழ்க்கையை ஆள்வது ஓர் எண். எந்த விமானம், எந்த ஊர்த் தளம், எந்த இருக்கை, தீபாவளி மாதிரியான நன்றிநவிலல் நாளில் விடுப்பு கிடைக்குமா, ஆட்குறைப்பில் யார் முதலில் வெளியேறுவது, எல்லாம் பணிமூப்புப் பட்டியலில் அவருக்குள்ள இடத்தைப் பொறுத்தது. அந்த எண் நிறுவனத்துக்கு உரியது. ரீஜனல் ஒன்றில் பதினைந்து ஆண்டு கேப்டனாக இருந்தவர் டெல்டாவில் சேர்ந்தால் பட்டியலின் அடியில் துணை விமானியாக நிற்பார். நிறுவனம் மூடப்பட்டால் எண்ணும் போயிற்று.

அப்படியென்றால் இரண்டு பட்டியல்களை ஒன்றாக்கிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். அங்கேதான் கத்தி வெளியே வருகிறது. யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் 2005இல் இணைந்தன. இரண்டுமே மெயின்லைன், இரண்டிலும் அல்பாதான். பட்டியலை இணைக்க நடுவராக வந்த ஜார்ஜ் நிக்கோலாவ் 2007இல் தீர்ப்பளித்தார். பல்லாண்டு பணி செய்தும் ஆட்குறைப்பில் வீட்டில் இருந்த யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் பலர், அண்மையில் சேர்ந்த அமெரிக்கா வெஸ்ட் விமானிகளுக்கும் கீழே போனார்கள். எண்ணிக்கையில் பெரிதான அந்தத் தரப்பு 2008இல் புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கி, வாக்கெடுப்பில் அல்பாவையே வெளியேற்றியது. சமமானவர்களுக்குள்ளேயே பட்டியல் இணைப்பு ஒரு சங்கத்தின் இடத்தைக் காலி செய்துவிட்டது. மெயின்லைன் பட்டியலில் ரீஜனல் விமானிகளைச் சேர்க்க எந்தத் தலைவர் துணிவார்?

நமக்கும் இதில் அனுபவம் உண்டு. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007இல் இணைக்கப்பட்டன. 2011இல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கம் சம்பளச் சமநிலை கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. 2012இல் பழைய ஏர் இந்தியா விமானிகளின் கில்டு, போயிங் 787 பயிற்சியை மறுதரப்புக்குத் தரக் கூடாது என்று 58 நாள் வேலைநிறுத்தம் செய்தது. இரு நிறுவனப் பணியாளர்களை ஒருங்கிணைப்பது பற்றி நீதிபதி தர்மாதிகாரி குழு அறிக்கை தந்த அதே ஆண்டு அது.

4. ஸ்கோப்

சொற்பொழிவின் நடுநாயகம் இதுதான். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

1978இல் விமானத் துறை மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. 1980இல் டெக்சஸ் இன்டர்நேஷனலின் முதலாளி பிராங்க் லொரென்சோ, தன் நிறுவனத்திலிருந்த சங்கத்தைத் தொடாமலேயே பக்கத்தில் நியூயார்க் ஏர் என்ற சங்கமில்லாத நிறுவனத்தைத் தொடங்கினார். சங்கங்கள் விழித்துக்கொண்டன. “இந்த நிறுவனத்தின் பெயரில் பறக்கும் எல்லா விமானத்தையும் இந்தப் பட்டியலில் உள்ளவரே ஓட்ட வேண்டும்” என்ற பிரிவு ஒப்பந்தங்களில் இறுகியது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் முதல் அத்தியாயம் அதுதான். விமானிகள் அதை ஸ்கோப் என்பார்கள். தொழிலாளி கண்ணோட்டத்தில் இது நியாயமான கவசம். தன் வேலையை மலிவான கூலிக்கு வெளியே தள்ளிவிடாதே என்பதில் தவறு காண முடியாது.

பிறகு விதிவிலக்குகள் வந்தன. புரொப்பெல்லர் கொண்ட சிறு விமானங்களை மெயின்லைன் விமானிகள் பொருட்படுத்தவில்லை. 1990களில் 50 இருக்கை ஜெட் வந்தபோதும் பெரிதாக மல்லுக்கு நின்றவர்கள் அமெரிக்கன் விமானிகள் போன்ற சிலரே. பின்னர் 2002 முதல் 2005 வரை யுஎஸ் ஏர்வேஸ், யுனைடெட், டெல்டா, நார்த்வெஸ்ட் அடுத்தடுத்துத் திவால் நீதிமன்றம் போயின. அந்த நெருக்கடியில் எல்லை 70 இருக்கைக்கும், பிறகு 76 இருக்கைக்கும் நகர்ந்தது. கூடவே எடை வரம்பு: புறப்படும்போது அதிகபட்சம் 86,000 பவுண்டு, அதாவது சுமார் 39 டன்.

ஒரு தொழிற்சங்க ஒப்பந்தத்தின் வரி, உலகின் எதிர்ப்பக்கத்து விமான ஆலையின் வரைபடத்தை எப்படி மாற்றுகிறது பாருங்கள். பிரேசிலின் எம்ப்ரேயர், எரிபொருள் சிக்கனமான இ175-இ2 விமானத்தை 2019 டிசம்பரில் பறக்கவிட்டது. புதிய எஞ்சின் கனமானது. 86,000 பவுண்டைத் தாண்டிவிட்டது. வாங்க வேண்டிய அமெரிக்க ரீஜனல்கள் வாங்க இயலவில்லை. 2022இல் எம்ப்ரேயர் திட்டத்தை நிறுத்திவைத்தது. பழைய எஞ்சின் கொண்ட இ175 விற்பனையாகிக்கொண்டே இருக்கிறது. ஜப்பானின் மிட்சுபிஷி உருவாக்கிய ஸ்பேஸ்ஜெட் எம்90க்கும் அதே எடைச் சிக்கல். அமெரிக்க ரீஜனல் நிறுவனமான டிரான்ஸ் ஸ்டேட்ஸ் 2019இல் தன் கொள்முதலை விலக்கிக்கொண்டது. சான்றிதழ்த் தாமதம், செலவு என்று வேறு சுமைகளும் சேர, 2023இல் மிட்சுபிஷி திட்டத்தையே கைவிட்டது.

இதைவிட விந்தை யுனைடெட்டின் சிஆர்ஜே550. 70 பேர் அமரக்கூடிய சிஆர்ஜே700 உடலை எடுத்து, 50 இருக்கை மட்டும் போட்டு, மிஞ்சிய இடத்தில் பெட்டி வைக்கும் அலமாரிகளும் தின்பண்ட மேடையும் அமைத்து 2019இல் பறக்கவிட்டார்கள். பயணிக்கு வசதிதான், மறுக்க வேண்டாம். ஆனால் அந்த 20 இருக்கையைக் கழற்றியது ஸ்கோப் பிரிவு.

விமான ஆலையையே வளைக்கும் இந்தப் பிரிவு, ரீஜனல் விமானியின் பதவி உயர்வை எவ்வளவு வளைக்கும்! எத்தனை விமானம், எத்தனை இருக்கை, எந்த ஊருக்கு என்பதெல்லாம் அவர் எந்நாளும் வாக்களிக்காத ஓர் ஒப்பந்தத்தில் தீர்மானிக்கப்படுகின்றன.

5. காம்ஏர்

சின்சினாட்டியைத் தளமாகக் கொண்ட காம்ஏர் 1993இல் வட அமெரிக்காவில் முதலாவதாகச் சிஆர்ஜே ஜெட்டைப் பறக்கவிட்ட நிறுவனம். லாபம் கொழித்தது. அட்லாண்டாவின் ஏஎஸ்ஏ நிறுவனத்தை 1999இல் வாங்கிய டெல்டா, அடுத்து காம்ஏரையும் 2000 ஜனவரியில் முழுதாகத் தனதாக்கிக்கொண்டது. மூன்று நிறுவனத்து விமானிகளும் அல்பா உறுப்பினர்கள். ஏஎஸ்ஏ, காம்ஏர் விமானிகள் சங்க விதிகளைப் புரட்டி, உரிமையாளர் ஒருவரே என்பதால் பட்டியல் இணைப்பைத் தொடங்குங்கள் என்று கேட்டார்கள். டெல்டா விமானிகள் எதிர்த்தார்கள். நிறுவனங்களின் இயக்கம் ஒன்றாக்கப்படவில்லை, ஆகவே இணைப்பு விதி பொருந்தாது என்று சங்கத் தலைமை முடிவு செய்தது. விதியின் சொற்படி அது தவறென்று நிறுவுவது கடினம். ஆனால் கேட்டவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

2001 மார்ச் 26 அன்று காம்ஏரின் 1,300க்கும் மேற்பட்ட விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 89 நாள் நீடித்தது. ரீஜனல் விமானிகள் இரண்டாந்தரத்தவர் இல்லை என்று காட்டிய போராட்டம் என இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். அதே காலத்தில் டெல்டா விமானிகள் தங்கள் புதிய ஒப்பந்தத்தில் ரீஜனல் ஜெட்களுக்கு வரம்பு விதித்தார்கள். ஒரே சங்கம், ஒரே பருவம், இரண்டு மேசை.

இரு ரீஜனல்களின் விமானிகள் பலர் ரீஜனல் ஜெட் பாதுகாப்புக் கூட்டணி என்ற பெயரில் திரண்டு, சொந்தச் சங்கத்தின்மீது புரூக்ளின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். எங்களுக்கும் பிரதிநிதியான நீங்கள், இன்னொரு பிரிவுக்காக எங்கள் வேலையைக் குறைத்துப் பேரம் பேசியது நேர்மையான பிரதிநிதித்துவக் கடமையை மீறுவதாகும் என்பது வாதம். ஸ்டீல் வழக்கின் நிழல் இதில் தெரிகிறது. ஆனால் இடையில் 1991இல் அல்பா சம்பந்தப்பட்ட ஓ’நீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், சங்கத்தின் முடிவு தான்தோன்றித்தனமாகவோ பாகுபாடாகவோ கெட்ட நோக்குடனோ இருந்தால் மட்டுமே கடமை மீறல் என்று சொல்லி, சங்கங்களுக்கு அகன்ற வெளி கொடுத்திருந்தது. தொழிலாளர் சட்டம் படிப்பவர்கள் இந்த இரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். புரூக்ளின் வழக்கில் சில கோரிக்கைகள் தள்ளப்பட்டன. எஞ்சியவை பல ஆண்டு இழுத்து உடன்பாட்டில் முடிந்தன.

எண்ணெய் விலை ஏறியதும் 50 இருக்கை ஜெட் கட்டுபடியாகாமல் போயிற்று. 2012இல் டெல்டா விமானிகள் ஏற்ற ஒப்பந்தம் பெரிய கொடுக்கல் வாங்கல்: 76 இருக்கை விமானங்கள் கூடுதலாக 70 ரீஜனல்களுக்குப் போகலாம், பதிலுக்கு 50 இருக்கை விமானங்கள் பெருமளவு குறைய வேண்டும், மெயின்லைனுக்கு 88 போயிங் 717 வர வேண்டும். டெல்டா விமானிகளுக்கு அது நல்ல பேரம். அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று காம்ஏர் மூடப்பட்டது. சிறு ஜெட்களைக் குறைக்கும் டெல்டாவின் திட்டத்தில் அதுவும் ஒரு பகுதி. 89 நாள் நின்றவர்களின் பணிமூப்பு எண்கள் அத்துடன் காலாவதியாயின.

6. தனிச் சங்கம் தீர்வாகுமா

ஒரே சங்கத்தில் இருந்ததுதான் குற்றமென்றால், தனித்தனிச் சங்கங்கள் இருந்த அமெரிக்கனில் நிலைமை தேறியிருக்க வேண்டும். தேறவில்லை.

1997 மோதலுக்குப் பின் நான்கு தரப்பும், அதாவது இரு நிறுவனங்களும் இரு சங்கங்களும், ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஈகிள் கேப்டன்கள் வரிசைப்படி அமெரிக்கனுக்கு ஏறலாம். அமெரிக்கனில் ஆட்குறைப்பு வந்தால் அவ்விமானிகள் ஈகிள் கேப்டன் இருக்கைகளுக்கு இறங்கலாம். தாளில் அழகான ஏற்பாடு. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு இறங்குபாதை மட்டும் வேலை செய்தது. அமெரிக்கன் விமானிகள் இறங்கி வர, ஈகிள் கேப்டன்கள் பலர் வலது பக்கத் துணை இருக்கைக்குத் தள்ளப்பட்டார்கள். அமெரிக்கன் பணிமூப்பு எண் கையில் இருந்த ஈகிள் விமானிகளும், அமெரிக்கன் விழுங்கிய டிடபிள்யூஏவின் விமானிகளும் யார் முன் என்று நடுவர் மன்றங்களில் பல ஆண்டு வாதாடினார்கள்.

அந்த டிடபிள்யூஏ விமானிகள் கதை தனி. அவர்கள் அல்பா உறுப்பினர்கள். பெரும்பாலோர் அமெரிக்கன் பட்டியலின் அடியில் ஒட்டப்பட்டார்கள். அமெரிக்கன் விமானிகளைத் தன் பக்கம் இழுக்கும் ஆசையில் அல்பா எங்களைக் காக்கத் தவறியது என்று வழக்காடினார்கள். 2011இல் நியூ ஜெர்சி நீதிமன்ற ஜூரி அவர்கள் பக்கம் நின்றது; 2014இல் 5.3 கோடி டாலருக்கு வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. கடமை மீறலை நிரூபிக்க முடியும், பத்தாண்டு காத்திருந்தால்.

7. ரீஜனலுக்கு எதிரே ரீஜனல்

மேலே கோடு போட்டாயிற்று. கோட்டுக்குக் கீழே உள்ளதை யார் குறைந்த விலைக்கு ஓட்டுவது என்ற ஏலம் தொடங்கியது. 2013இல் பிஎஸ்ஏ என்ற ரீஜனலின் விமானிகள் விட்டுக்கொடுத்தார்கள். அவர்களுக்கு 30 சிஆர்ஜே900 வந்தது. ஈகிள் 2014இல் என்வாய் எனப் பெயர் மாறியது. அதன் விமானிகள் அவ்வாண்டு மார்ச்சில் அத்தகைய ஒப்பந்தத்தை நிராகரிக்க, விமானங்கள் வேறிடம் போகும் என்றது நிர்வாகம். அடுத்த ஆண்டு அவர்களும் இறங்கிவந்தார்கள். பிஎஸ்ஏ, என்வாய் இரண்டிலும் அல்பாதான் பிரதிநிதி.

இந்த ஏலத்தின் அடிமட்டம் எது என்பதை நாடு அதற்கு முன்பே, 2009 பிப்ரவரி 12 அன்று பார்த்திருந்தது. கான்டினென்டல் பெயரில் பறந்த கோல்கன் ஏர் விமானம் பஃபலோ அருகே விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் 16,000 டாலர் அளவில் என்று விசாரணையில் பேசப்பட்டது. அவர் சியாட்டில் பகுதியிலிருந்து இரவு விமானங்களில் நெவார்க் வந்து பணியேற்றிருந்தார். அமெரிக்காவின் உள்நாட்டுப் புறப்பாடுகளில் ஏறத்தாழப் பாதி அப்போது ரீஜனல்களுடையவை. அந்த விபத்தின் விளைவாக 2010இல் சட்டம் வந்தது. 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணிநேரப் பறப்பு அனுபவம் கட்டாயமாயிற்று. புது ஆள் வரத்து சுருங்கியது. கொரோனாவுக்குப் பின் மெயின்லைன்கள் அள்ளி எடுக்கத் தொடங்கியதும் ரீஜனல்கள் காலியாயின. 2022 ஜூனில் அமெரிக்கனின் துணை நிறுவனங்களான என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ ஆகியவற்றில் முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர். பல ஆண்டு சங்கப் பேரம் தராததை ஆள்பற்றாக்குறை ஒரே கோடையில் தந்தது. ஆனால் அந்த உயர்வில் பெரும்பகுதி 2024 ஆகஸ்ட் வரைக்கான தற்காலிக ஏற்பாடாகவே அறிவிக்கப்பட்டது.

8. நாற்காலி

ஒரே பட்டியல் வேண்டும் என்பார் உண்டு. நாடு முழுமைக்கும் எடுத்துச் செல்லத்தக்க பணிமூப்பு வேண்டும் என்பாரும் உண்டு. யுஎஸ் ஏர்வேஸ் அனுபவத்துக்குப் பின் முதலாவதற்கு வாக்குச் சேராது. இரண்டாவதை நிறுவனங்களும் எதிர்க்கும், பட்டியலின் மேல்பாதியில் இருப்பவர்களும் எதிர்ப்பார்கள். கைக்கெட்டும் சீர்திருத்தம் சிறியது: ஸ்கோப் அத்தியாயம் பேசப்படும்போது, அதனால் விமானங்களை இழக்கும் அல்லது பெறும் ரீஜனல் விமானிகளின் பிரதிநிதிக்கு அந்தக் குழுவில் இடமும், தன் கருத்தை எழுத்தில் பதியும் உரிமையும் வேண்டும். தடுப்பதிகாரம் கேட்க வேண்டாம். கேட்டால் எதுவும் கிடைக்காது. சங்கம் தன் விதிகளைத் திருத்தினாலே போதும், நாடாளுமன்றம் போக வேண்டியதில்லை.

இதற்கு ஒரு வாய்ப்பும் திறந்திருக்கிறது. 1963இல் பிரிந்த அமெரிக்கன் விமானிகளின் சங்கம், அல்பாவுடன் மீண்டும் சேர்வதைப் பற்றி அண்மை ஆண்டுகளில் குழு அமைத்து ஆராய்ந்திருக்கிறது. சேர்ந்தால் அமெரிக்கன், என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ விமானிகள் அனைவரும் முதன்முறையாக ஒரே சங்கத்தின்கீழ் வருவார்கள். இணைப்பு விதிகளை வரைபவர்கள் வாக்குப் பங்கீடு, சந்தா, அலுவலகம் எல்லாவற்றையும் பேசுவார்கள். ஸ்கோப் குழுவில் யார் அமர்வது என்ற பத்தியையும் அவர்கள் அப்போதே எழுத வேண்டும். இணைப்பு வாக்கெடுப்பு முடிந்தபின் அதைக் கேட்டுப் பெறும் வலிமை ரீஜனல் தரப்புக்கு இருக்காது.